தட்டில் செத்த செல்லை நம்பி நிலத்தை மாற்றலாமா?

சென்ற ஆடியில் ஒரு நாள், நெல் விதை மாதிரியுடன் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு விவசாயி வந்தார். விருதுநகர் மாவட்டத்துக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வீட்டில் எடுத்து வைத்த விதை முளைக்குமா, முளைக்காதா என்று அவருக்கு அவசரமாகத் தெரிய வேண்டியிருந்தது. வழக்கமான முளைப்புத்திறன் சோதனைக்கு நெல்லில் 14 நாள் ஆகும். அதனால் டெட்ரசோலியம் சோதனை செய்து கொடுத்தோம். முடிவு தெரிந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. கைப்பேசியை எடுத்து ஒரு செய்தியைக் காட்டினார். முள்சீத்தா இலைச் சாறு நுரையீரல் புற்றுநோய் செல்களைக் கொன்றுவிட்டதாக ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது. அதன் கீழேயே கன்று விற்பவரின் தொலைபேசி எண்.

"சார், இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு நிலத்துக்கு. கெணத்துப் பாசனத்துல ரெண்டு ஏக்கர் சும்மா கெடக்கு. கன்னும் குடுத்து இலையையும் அவங்களே வாங்கிக்கிடுதாங்களாம். வைக்கலாமா?"

"இன்னொண்ணு, அண்ணாச்சி?"

"எங்க அண்ணனுக்கு. நுரையீரல்ல புத்துன்னு சொல்லிட்டாங்க. ஊசி போடணும்ங்காங்க. வீட்டுல பாதிப் பேரு, ஊசி வேண்டாம், இந்த இலையைக் கொதிக்க வச்சுக் குடுத்தாப் போதும்ங்காங்க."

நான் மருத்துவன் அல்ல, பயிர்களைப் பற்றிப் படித்தவன். ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே செய்தியிலிருந்து பிறந்தவை. அந்தச் செய்தி சொல்லும் சோதனையும் எங்களுக்குப் புதிதல்ல. சொல்லப்போனால், அன்று காலை அவருடைய நெல்லுக்கு நாங்கள் செய்ததும் ஏறக்குறைய அதேதான்.

சிவப்பும் ஊதாவும்

டெட்ரசோலியம் சோதனையில் விதையை ஊற வைத்து, நீளவாக்கில் வெட்டி, நிறமற்ற ஒரு கரைசலில் போடுகிறோம். கருவில் உயிர் இருந்தால், அங்கு நடக்கும் சுவாசத்தால் அந்த உப்பு சிவப்பாக மாறும். செத்த கரு வெளுத்தே கிடக்கும்.

புற்றுநோய் ஆய்வகங்களில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு டெட்ரசோலியம் உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு எம்.டி.டி. என்று பெயர். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தட்டில் 96 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் புற்று செல்களை வளர்த்து, சோதிக்க வேண்டிய சாற்றை வெவ்வேறு அளவுகளில் ஊற்றி, ஓரிரு நாள் கழித்து இந்த மஞ்சள் உப்பைச் சேர்ப்பார்கள். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல்கள் செத்திருக்கின்றன, அல்லது பெருகாமல் நின்றுவிட்டன என்று பொருள். "நுரையீரல் புற்று செல்களைக் கொன்றது" என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை இந்த ஊதா நிறம்தான்.

அந்தச் செல்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. நுரையீரல் ஆய்வுகளில் மிக அதிகமாகப் பயன்படும் ஏ549 என்ற செல் வகை, 1972இல் அமெரிக்காவில் 58 வயது நோயாளி ஒருவரின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் பிளாஸ்டிக் தட்டுகளில் பெருகி வருகிறது. அதற்கு ரத்த ஓட்டம் இல்லை, குடல் இல்லை, வந்த பொருளைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் இல்லை. சாறு நேராக அதன் தலையில் ஊற்றப்படுகிறது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு இது சட்டென்று புரியும். டிரைக்கோடெர்மாவையும் வேரழுகல் பூசணத்தையும் ஒரே தட்டில் எதிரெதிரே வைத்தால், டிரைக்கோடெர்மா மளமளவென்று பரவி மற்றதை அடக்கிவிடும். பார்க்கவே உற்சாகமாக இருக்கும். அதையே தொழு உரம் இல்லாத, காய்ந்து கிடக்கும் மண்ணில் தூவினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தட்டு பொய் சொல்லவில்லை. தட்டில் நடந்ததை மட்டுமே அது சொன்னது.

இன்னொன்றும் உண்டு. பல தாவரச் சாறுகளில் உள்ள பாலிபீனால்கள், செல்லின் உதவி இல்லாமலேயே எம்.டி.டி. உப்பை ஊதாவாக்கிவிடும். செல் இல்லாத குழியிலும் சாற்றை ஊற்றி ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வறிக்கையை நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

களைக்கொல்லி பாடம்

பூச்சிமருந்துக்கு எல்.சி.50 என்று ஓர் அளவு சொல்வோம், பாதிப் புழுக்களைக் கொல்லும் செறிவு. புற்று செல் சோதனையில் அதைப் போன்றதுதான் ஐ.சி.50, செல் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவு. இந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வீரியம். சுத்திகரிக்காத தாவரச் சாறு என்றால் மில்லிக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் இருந்தால்தான் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது இத்துறையில் பழகிவிட்ட வரம்பு. மில்லிக்கு 300, 500 மைக்ரோகிராம் ஊற்றிக் கொன்றுவிட்டு 'சிறப்பான செயல்திறன்' என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். அந்த அளவுக்குப் போனால் சமையலறையில் உள்ள பல பொருட்களாலும் செல்லைக் கொல்லலாம்.

கொன்றால் மட்டும் போதுமா? கிளைபோசேட் களையைக் கொல்லும், பயிரையும் கொல்லும். நெல் வயலுக்கு நாம் தேடுவது களையை அழித்து நெல்லை விட்டுவைக்கும் மருந்தை. புற்றுநோய்க்கும் அதேதான். புற்று செல்லைக் கொல்லும் அளவுக்கும், எலும்பு மஜ்ஜை, குடல், நரம்பு ஆகியவற்றின் நல்ல செல்களைக் கொல்லும் அளவுக்கும் இடையே இடைவெளி வேண்டும்.

இதற்கு நம் மூலனூர், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் நன்கறிந்த உதாரணம் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள். அதன் விதையில் உள்ள கோல்ச்சிசின், செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களை உருவாக விடாமல் தடுக்கிறது. பயிர் இனவிருத்தியில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க நாங்கள் அதைப் பயன்படுத்துவது இதனால்தான். தட்டில் புற்று செல்லையும் அது அருமையாக நிறுத்தும். ஆனாலும் கோல்ச்சிசின் புற்றுநோய் மருந்தாகவில்லை. உடலுக்குத் தாங்கும் அளவும் நஞ்சாகும் அளவும் மிக நெருக்கமானவை. சிறு அளவில் கீல்வாதத்துக்குக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். கண்வலிக்கிழங்கைத் தின்று இறந்தவர்கள் உண்டு என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததே.

மஞ்சள் கணக்கு

மஞ்சளைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது. குர்குமின் நுரையீரல் புற்று செல்லைத் தடுப்பதாக நூற்றுக்கணக்கான ஆய்வறிக்கைகள் உண்டு. அவற்றில் பொதுவாகப் பயன்படுத்தப்படும் செறிவு 10 மைக்ரோமோலார் அளவில் இருக்கும், சில சமயம் அதைவிடக் கூடுதல்.

சரி, வாய் வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சேரும்? இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், தினமும் 3.6 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். ரத்தத்தில் தென்பட்டது சுமார் 11 நானோமோலார். தட்டில் ஊற்றியதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த 3.6 கிராம் குர்குமினை, 3 சதவீதம் குர்குமின் உள்ள மஞ்சள்தூளாகச் சாப்பிட வேண்டுமானால் தினமும் 120 கிராம் விழுங்க வேண்டும். குழம்புக்குப் போடும் கால் கரண்டியை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. உறிஞ்சப்பட்ட கொஞ்சத்தையும் ஈரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடுகிறது. போதாததற்கு, அதன் மஞ்சள் நிறமும் ஒளிரும் தன்மையும் பல ஆய்வகச் சோதனைகளையே ஏமாற்றிவிடும். 2017இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் வந்த விரிவான மறுஆய்வு, 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும் முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றில்கூட குர்குமின் வெற்றி பெறவில்லை என்று எழுதியது. ஈரோட்டு மஞ்சளுக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. அது நிறத்துக்கும் மணத்துக்கும் சமையலுக்கும் விலை போகிற பயிர். அந்த விலையைப் புற்றுநோய் விளம்பரத்தின் மேல் கட்டினால்தான் ஆபத்து.

'இயற்கையானதுதானே, பலிக்காவிட்டாலும் கெடுதல் செய்யாதே' என்று அந்த விவசாயியும் கேட்டார். பின்லாந்தில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவாக வருகிறது என்பதைக் கவனித்து, அதற்குக் காரணம் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டீனாக இருக்கலாம் என்று எண்ணி, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்குத் தினமும் 20 மில்லிகிராம் மாத்திரை, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டீன் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. அதிலுள்ள ஒன்றை மட்டும் பிரித்து, பெரிய அளவில், புகைபிடிப்பவரின் நுரையீரலுக்கு அனுப்பியபோதுதான் விளைவு தலைகீழாகிவிட்டது.

வேலியோரச் செடியிலிருந்து வந்த மருந்து

இவ்வளவு சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப செடியில இருந்து புத்துக்கு மருந்தே வராதா சார்?" என்றார்.

வரும், வந்திருக்கிறது. அதுவும் அவருடைய ஊர்ப்பக்கம் மானாவாரியில் விளைகிற செடியிலிருந்தே வந்திருக்கிறது.

நித்யகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. நம் தென்மாவட்டங்களில் மழையை நம்பிப் பயிரிடுகிறார்கள், வேலியோரங்களில் தானாகவும் முளைத்துக் கிடக்கும். ஆடு மாடு கடிக்காது. தண்ணீர் தேங்காத எந்த நிலத்திலும் வரும்.

1952இல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளருக்கு, மருத்துவரான அவருடைய அண்ணன் கிளார்க் ஓர் உறையை அனுப்பினார். உள்ளே இந்தச் செடியின் இலைகள் 25. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு இதைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்றார். நோபிள் எலிகளுக்குக் கொடுத்தார். சர்க்கரை இறங்கவே இல்லை. சாற்றை ஊசியாகப் போட்டபோது எலிகள் கிருமித்தொற்றில் செத்தன. ஏன் என்று பார்த்தால், ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. சர்க்கரைக்குப் பயன்படாத சாறு என்று தூக்கிப் போட்டிருக்கலாம். வெள்ளையணுவைக் குறைக்கிறதென்றால், வெள்ளையணு பெருகும் ரத்தப் புற்றுக்கு உதவலாமே என்று அவர் யோசித்தார். சார்லஸ் பீர் என்ற வேதியியலாளருடன் சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். பிறகு அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் பிரிக்கப்பட்டு, 1963இல் அங்கு அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அது முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. இவையும் கோல்ச்சிசினைப் போலவே செல்லின் நுண்குழலைத்தான் தாக்குகின்றன. ஆனால் உடல் தாங்கக்கூடிய இடைவெளி இவற்றுக்கு இருந்தது.

நுரையீரல் புற்றுக்கான மருந்து இதற்குப் பிறகு பிரான்ஸிலிருந்து வந்தது. செடியில் வின்பிளாஸ்டின் மிக மிகக் குறைவு. ஆனால் அதன் இரண்டு பாதிகளான விண்டோலின், கேத்தரன்தின் ஆகியவை இலையில் ஓரளவு தாராளமாகவே உண்டு. பாரிஸ் அருகே பியர் போத்தியே என்ற வேதியியலாளரின் குழு இந்த இரண்டையும் ஆய்வகத்தில் இணைத்து, கொஞ்சம் மாற்றி, வினோரெல்பின் என்ற புதிய பொருளை உருவாக்கியது. நரம்பைப் பாதிப்பது வின்கிரிஸ்டினை விடக் குறைவு. 1989இல் பிரான்ஸிலும், 1994இல் அமெரிக்காவிலும் நுரையீரல் புற்றுநோய்க்கு அது அனுமதிக்கப்பட்டது.

பலன் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். 1999இல் வெளியான இத்தாலியச் சோதனையில், நோய் முற்றிய நிலையிலிருந்த 70 வயதைக் கடந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வினோரெல்பின் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுக்கான பராமரிப்பு மட்டும். பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 21 வாரங்கள் வரை இருந்தார்கள், மருந்து பெற்றவர்களில் பாதிப் பேர் 28 வாரங்கள் வரை. ஏழு வாரம் கூடுதல். ஓராண்டைக் கடந்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 32 சதவீதமானார்கள். 2005இல் வந்த வட அமெரிக்கச் சோதனை வேறு மாதிரி. ஆரம்பத்திலேயே கண்டறிந்து, கட்டியை அறுவை சிகிச்சையில் முழுவதும் எடுத்த 482 பேரில், பிறகு சிஸ்பிளாட்டினுடன் வினோரெல்பினும் பெற்றவர்களில் 69 சதவீதம் பேர் ஐந்தாண்டுகளைக் கடந்தார்கள். பெறாதவர்களில் 54 சதவீதம். ஆக, அதே இலையின் மருந்து நோயை எப்போது கண்டுபிடித்தோம் என்பதைப் பொறுத்து வாரங்களையும் தரும், ஆண்டுகளையும் தரும். நம் ஊர்களில் மூன்று வாரத்துக்கு மேல் விடாத இருமலைக் காசநோய் என்று மட்டும் நினைத்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. சளியில் ரத்தம் வந்தால், குறிப்பாகப் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், நெஞ்சுப் படமும் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஓர் எக்டேரில் ஒரு கிராம்

பயிர்க் கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்குச் சுமார் 2,000 கிலோ. மானாவாரியில் ஓர் எக்டேரில் கிடைக்கும் காய்ந்த இலையே ஏறத்தாழ 2 டன்தான். ஒரு எக்டேர் முழுவதும் ஓராண்டு வளர்த்து, மூன்று முறை இலை உருவி, நிழலில் காய வைத்து மூட்டை கட்டினால், அத்தனைக்குள்ளும் இருப்பது ஒரு சிட்டிகை வின்கிரிஸ்டின்.

வீட்டில் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பவருக்கு இந்தக் கணக்கு இரண்டு விதத்தில் பாதகம். தேவையான மருந்து அதில் இல்லை. தேவையில்லாத வேறு ஆல்கலாய்டுகள் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. ரத்த அழுத்தத்தை இறக்குபவையும் அவற்றில் உண்டு. வேரை வாங்குவதே அதற்காகத்தான்.

விவசாயிக்குப் பாதகம் வேறு விதம். மருந்தின் விலை கிராமில் பேசப்படும், நமக்குக் கிடைப்பது இலையின் எடைக்கான விலை. ஆல்கலாய்டு சதவீதத்தைப் பார்த்து விலை போடும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் நிர்மல், தவள் போன்ற ரகங்களை வெளியிட்டுள்ளது. ஆனாலும் நம் பக்கம் பலர் விதைப்பது எங்கோ பொறுக்கிய கலப்பு விதையைத்தான். நல்ல ரகம் போட்டாலும் அதே விலை என்றால் யார் மெனக்கெடுவார்கள்? இந்தப் பயிரில் எனக்குள்ள பெரிய ஆதங்கம் இதுதான். ஒப்பந்தத்தில் ஆல்கலாய்டு அளவுக்கு ஒரு கூடுதல் விலை எழுதச் சொல்லிக் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வாய்ப்பேச்சை நம்பி விதைக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தியையும் பயிரிடுவோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2022இல் டென்மார்க், அமெரிக்க விஞ்ஞானிகள், ரொட்டி உப்ப வைக்கும் ஈஸ்ட்டில் 50க்கும் மேற்பட்ட மரபணு மாற்றங்களைச் செய்து, விண்டோலினையும் கேத்தரன்தினையும் அதன் வழியாகவே தயாரித்துக் காட்டினார்கள். உடனே நித்யகல்யாணி வயல் காலியாகிவிடாது. மலேரியா மருந்தான ஆர்டிமிசினினை ஈஸ்ட் உதவியுடன் தயாரிக்க 2013இல் ஒரு பெரிய நிறுவனம் இறங்கியது. ஆனால் செடியிலிருந்து எடுப்பது மலிவாக இருந்ததால் அந்த ஆலை தாக்குப்பிடிக்கவில்லை. இருந்தாலும் பத்தாண்டு கழித்தும் இந்தச் சந்தை இப்படியே இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

லட்சம் சாறுகளில் இரண்டு

நித்யகல்யாணி தற்செயலாகக் கிடைத்தது. திட்டமிட்டுத் தேடிய கதையும் உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை 1,14,000 தாவரச் சாறுகளைச் சோதித்தது. செடி சேகரிக்கும் வேலையைச் செய்தவர்கள் அந்நாட்டு வேளாண் துறையின் தாவரவியலாளர்கள், அதாவது எங்கள் தொழில்காரர்கள். அவர்களில் ஒருவர் 1962இல் யூ என்ற மரத்தின் பட்டையை வெட்டி அனுப்பினார். அதிலுள்ள பாக்லிடாக்சலின் அமைப்பு தெரிய 1971 ஆயிற்று. மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். நுரையீரல் புற்றுக்கு 1998இல். பட்டை வெட்டியதிலிருந்து 36 ஆண்டுகள்! அத்தனை சாறுகளில் மருந்துக் கடைக்கு வழி திறந்தவை, யூ மரப் பட்டையும் சீனத்து மரம் ஒன்றிலிருந்து கிடைத்த கேம்ப்டோதெசினும்தான் என்று சொல்லும்படி ஆயிற்று. இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் மன்ரோ வால் என்ற அமெரிக்கரும், மன்சுக் வானி என்ற இந்தியரும்.

கேம்ப்டோதெசினை மாற்றி உருவாக்கிய டோப்போடெக்கான், சிறுசெல் வகை நுரையீரல் புற்றுக்குப் பயன்படுகிறது. அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தாபோடைட்ஸ் என்ற சிறுமரத்திலும் உண்டு என்று 1972இல் காட்டியவர், சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடன் பணியாற்றிய விஸ்வநாதனும். அது தெரிந்த பிறகு அந்த மரம் பட்ட பாடு வேறு. மலையில் வேரோடு வெட்டிக் கட்டை கட்டையாக ஏற்றுமதி செய்தார்கள். சிறுசெல் வகைக்கு முதலில் கொடுக்கும் எட்டோபோசைடின் மூலமான இமயமலைப் பொடோபில்லம் செடிக்கும் அதே கதிதான். மருந்து கிடைத்தால் செடிக்கு நல்ல காலம் பிறக்கும் என்று சொல்லிவிட முடியாது. யூ மரம் தப்பியது, பட்டைக்குப் பதில் மீண்டும் துளிர்க்கும் இலையிலிருந்து மருந்தின் மூலப்பொருளை எடுக்க வழி கண்டுபிடித்ததால். அதைக் கண்டுபிடித்ததும் போத்தியேயின் குழுவே.

முள்சீத்தா

கடைசியாக அவர் கொண்டு வந்த செய்திக்கு வந்தோம். முள்சீத்தாவில் உள்ள அசிட்டோஜெனின் என்ற பொருட்கள் செல்லைக் கொல்வது உண்மை. எப்படிக் கொல்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கண்ணியை அவை அடைக்கின்றன. மிளகாயில் சிலந்திப்பேனுக்கு நாம் தெளிக்கும் பென்பைராக்சிமேட், பெனாசாகுயின் ஆகியவை வேலை செய்வதும் அதே இடத்தில்தான். சீத்தா விதையை அரைத்துத் தலைப்பேனுக்குப் பூசியதும், சீத்தா இலையைப் பூச்சிவிரட்டிக் கசாயத்தில் சேர்ப்பதும் இதனால்தான் பலிக்கிறது.

அந்தக் கண்ணி புற்று செல்லுக்கு மட்டும் உரியதல்ல. மூளை நரம்புக்கும் அதுவே வேண்டும். கரீபியன் கடலில் குவாதலூப் என்ற தீவில் முள்சீத்தாப் பழமும் இலைக் கசாயமும் அன்றாடப் பழக்கம். அங்கு நடுக்குவாதத்தைப் போன்ற, ஆனால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத ஒரு நோய் அதிகமாக இருப்பதையும், அதற்கு இந்தப் பழக்கத்துடன் தொடர்பு இருப்பதாகத் தோன்றுவதையும் 1999இல் மருத்துவர்கள் எழுதினார்கள். எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் இலைக் கசாயம் குடிப்பது வேறு. நுரையீரல் புற்று நோயாளிகளிடம் முள்சீத்தா பலன் தந்ததாக முறையான ஒப்பீட்டுச் சோதனை எதுவும் என் பார்வைக்கு வந்ததில்லை.

நிலத்துக்கான கேள்விக்கு நான் சொன்ன பதில் இது. பழமாக உள்ளூரில் விற்க முடியும் என்று தெரிந்தால் சில மரம் வையுங்கள். இலையைப் புற்றுநோய்க்கு வாங்குகிறோம் என்பவரிடம், யாருக்கு விற்கிறீர்கள், என்ன மருந்தாகிறது, அதன் உரிம எண் என்ன, விலையை எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். கன்றுக்குப் பணத்தை முழுவதும் முன்பே கேட்பவர், பெரும்பாலும் கன்று விற்கத்தான் வந்திருக்கிறார். அவர் அங்கேயே அந்த எண்ணுக்குப் போன் போட்டு இதைக் கேட்டார். உரிமம் பற்றிக் கேட்டதும், "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அண்ணனுக்கான கேள்விக்கு நான் பதில் சொல்லக் கூடாது. மருத்துவரிடம் கேட்கச் சில கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்த வகைப் புற்று, எந்தக் கட்டம், இந்தச் சிகிச்சையால் எவ்வளவு காலம் கிடைக்கும், பக்கவிளைவு என்ன, கட்டியில் மரபணுச் சோதனை செய்ய வேண்டுமா, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா. கடைசியாக ஒன்று: வீட்டில் ஏதாவது கசாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒளிக்காமல் அதன் பெயரைச் சொல்லுங்கள் என்று. ஈரலில் மருந்து சிதையும் வேகத்தைச் சில மூலிகைகள் மாற்றிவிடும். மருத்துவருக்குத் தெரியாவிட்டால் அளவு தவறிப் போகும்.

ஐப்பசியில் போன் செய்தார். அண்ணனுக்கு மூன்றாவது ஊசி முடிந்திருக்கிறதாம். சாப்பாடு இறங்கவில்லை, முடி கொட்டிவிட்டது, மூச்சுத்திணறல் மட்டும் குறைந்திருக்கிறது என்றார். ரெண்டு ஏக்கரில் உளுந்து போட்டிருக்கிறார். மேட்டுப் பக்கம் கால் ஏக்கரில் நித்யகல்யாணி விதைக்க நிர்மல் விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். விதை ரொம்பப் பொடியானது, பத்துப் பங்கு மணல் கலந்து தூவுங்கள், இலை உருவும்போது கையுறை போடச் சொல்லுங்கள், பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "வெலை எழுதிக் குடுத்தாத்தான் சார் வெதைப்பேன்" என்றார்.